ஏழாவது சாட்சித் தட்டு

முப்பத்தோரு வயதில் எனக்கு ஓய்வு விழா நடத்திவிட்டார்கள். மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கிலோ பால்கோவா. ஏற்பாடு எல்லாம் வெங்கட்ராஜு அண்ணன்.

"அண்ணே, நான் ரிடையர் ஆகல. வேற வேலைக்குப் போறேன்."

"ஏம்மா ஜெபா, ஏழு வருசம் கண்ணாடி கழுவிருக்க. ரயில்வேல முப்பது வருசம் பாத்ததுக்குச் சமம். பேசாம தலையக் குனி."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு ஆள் எடுக்கவில்லை. நான் கையால் செய்துவந்ததில் பெரும்பகுதியை இனி சோதனை நடக்கும் சேம்பருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்ன சென்சார்கள் பார்த்துக்கொள்ளும். ஆக, எனக்கு இல்லாவிட்டாலும் என் வேலைக்கு ஓய்வு.

புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் அன்றைக்கு என்னை மடக்கினார்கள். சுத்த அறையின் கதவில் விதிகள் ஒட்டியிருக்கும். கையுறை, தலைமூடி, செருப்பு என்று எல்லா ஆய்வகங்களிலும் இருக்கிற விதிகள்தான். கடைசி விதி மட்டும் வேறு எங்கும் இருக்காது: 'பேண்டேஜ் துணி, எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், உள்ளே வரக்கூடாது.'

"இது என்னக்கா? யாராச்சும் பேண்டேஜோட உள்ள வந்தாங்களா?"

"வந்தாங்க. நாந்தான்."

முழுக் கதையையும் கேட்டார்கள். எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் எங்கள் தொழில். செயற்கைக்கோள் மேலே போன பிறகு தன் பாதையில் நிற்கவும் நகரவும் அதை யாராவது தள்ள வேண்டும். நாங்கள் செய்யும் த்ரஸ்டர் மின்சாரத்தால் தள்ளுகிறது. செனான் வாயுவை உள்ளே விட்டு, அணுக்களுக்கு மின்னேற்றம் கொடுத்து, ஒரு பக்கமாக வீசி எறியும். வீசுகிற வேகத்தில் செயற்கைக்கோள் எதிர்ப்பக்கம் நகரும். உள்ளங்கையில் ஒரு காகிதத்தை வைத்தால் எவ்வளவு கனமோ அவ்வளவுதான் தள்ளும். ஆனால் மாதக்கணக்கில் விடாமல் தள்ளும்.

ஜன்னல் கம்பிக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்திருக்கிறீர்களா? குறி பார்த்துத்தான் அடிப்போம். ஆனாலும் மறுநாள் முழங்கையில் பெயிண்ட் இருக்கும். த்ரஸ்டரும் அப்படித்தான். வீசியதில் ஒரு சிறு பங்கு பக்கவாட்டில் திரும்பும். த்ரஸ்டரின் உட்சுவர் தேய்ந்து வருகிற துகளும் கூடவே பறக்கும். இரண்டும் போய்ச் சூரியத் தகட்டின் கண்ணாடியில் படிந்தால் தகடு மங்கும், மின்சாரம் குறையும். மேலே ஏறித் துடைக்க ஆள் கிடையாது.

எது எங்கே படியும் என்பதை அதனால் பூமியிலேயே பார்த்துவிட வேண்டும். ராஜபாளையத்துக்கு வெளியே, மூடிக்கிடந்த நூற்பாலை ஷெட் ஒன்றில், டேங்கர் லாரி அளவுக்கு எங்கள் எஃகு சேம்பர் படுத்திருக்கிறது. பாரம் தாங்கும் தரை, பெரிய மின் இணைப்பு, இதற்காகத்தான் அந்த ஷெட். சேம்பரிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு உள்ளே த்ரஸ்டரை எரிய விடுவோம். சுற்றிலும் எட்டுச் சின்னக் கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு திசையில். அவற்றுக்குச் சாட்சித் தட்டு என்று பேர். சோதனை முடிந்ததும் அவற்றை எடுத்து எடை போட்டு, ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று பார்ப்போம். தட்டு என்ன சொல்கிறதோ அதுதான் சாட்சி.

இதில் ஒரு வம்பு உண்டு. த்ரஸ்டர் வீசுவது சேம்பரின் எதிர்ச்சுவரில் மோதி, சுவரையும் சுரண்டிக் கொண்டுவந்து தட்டில் போடும். அழுக்கு என்றால் எப்போதும் இரண்டு பேர் மேல் சந்தேகம்: ஒன்று த்ரஸ்டர், இன்னொன்று சேம்பர். தட்டைக் கழுவி வைக்கிற மனுஷியும் ஒரு சந்தேகம்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இயற்பியல் படித்து முடித்த கையோடு சேர்ந்தேன். ராக்கெட் கனவோடு வந்தவளிடம் முதல் நாலு மாதம் கண்ணாடி கழுவச் சொன்னார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழுவினேன்.

கழுவச் சொன்னவர் கோதை மேடம். சாட்சித் தட்டுகளுக்குப் பொறுப்பாளர், என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் குடும்பம். சத்தம் போட்டு ஒரு நாளும் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "எப்படித் தெரியும்?" என்பார். தட்டு சுத்தம் மேடம். எப்படித் தெரியும்? மணி பதினொன்று மேடம். எப்படித் தெரியும்? இரண்டாவதை நான் கற்பனை செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். சுவர்க் கடிகாரம் நாலு நிமிடம் தாமதம்.

தட்டைக் கையாளும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். மூச்சுக் காற்று படக்கூடாது. கோயில் பூவை மோந்து பார்க்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கம். வெங்கட்ராஜு அண்ணன்தான் சீண்டுவார். அந்த த்ரஸ்டரை வடிவமைத்தவர் அவர். ஒரு நாள் வெறுங்கையோடு தட்டை எடுக்கப் போய்க் கோதை மேடத்திடம் மாட்டிக்கொண்டார்.

"ஏன் மேடம், உங்க ஊர் ஆண்டாளே மாலையப் போட்டுப் பாத்துட்டுத்தான குடுத்தாங்க?"

"அவிய ஆண்டாள். நீங்க வெங்கட்ராஜு. கையுறையப் போடுங்க."

கழுவும் முறையைச் சொல்கிறேன், கதையே அதில்தான் இருக்கிறது. சோப்புக் கரைசலில் ஒரு முறை. தூய நீரில் மூன்று முறை. பிறகு தட்டைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரை ஓடவிட வேண்டும். தண்ணீர் ஒரே படலமாகக் கண்ணாடி முழுக்கப் பரவினால் சுத்தம். எங்காவது விலகிப் பொட்டாக நின்றால் அங்கே எண்ணெய்ப் பசை, மறுபடி முதலிலிருந்து. அதில் தேறிய பிறகு ஆல்கஹாலில் அலச வேண்டும். கடைசியாக, சிலிண்டரிலிருந்து நைட்ரஜன் வாயுவை மெல்ல ஊதி உலர்த்த வேண்டும். எந்தத் துணியும் தொடக்கூடாது. உலர்ந்ததும் எடை. அந்தத் தராசு கைரேகைக்குக்கூட எடை காட்டும். ஒவ்வொரு படிக்கும் பதிவேட்டில் ஒரு வரி, பக்கத்தில் கையெழுத்து. பால்கோவா சாப்பிட்ட நாளில் நான் இரண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போவதில்லை.

இரண்டாம் வருடம் பெரிய சோதனை வந்தது. செயற்கைக்கோள் செய்யும் ஒரு நிறுவனம் எங்கள் த்ரஸ்டரை எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தது. அவர்களுடைய சூரியத் தகடுகள் த்ரஸ்டருக்குப் பின்பக்கம், மிக அருகில். 'பின்னால் எதுவும் வரக்கூடாது' என்பதுதான் அவர்களுடைய ஒரே நிபந்தனை. அண்ணன் நாலு வருடமாக அதற்காகத்தான் த்ரஸ்டரின் காந்தச் சுருள்களை மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

தட்டுகளைத் தயார் செய்த நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். கோதை மேடம் விடுப்பு. ஆறு தட்டு முடிந்து ஏழாவதைக் கையில் எடுத்தபோது நைட்ரஜன் தீர்ந்துபோனது. மதுரையிலிருந்து புது சிலிண்டர் கொண்டுவந்த வண்டி, தேர்க் கூட்டத்துக்காகப் பாதையைத் திருப்பிவிட்டதில் எங்கேயோ நின்றுவிட்டது. ஈரத் தட்டுகள் இரண்டு. மறுநாள் காலையில் சேம்பரை மூட வேண்டும்.

என் அம்மா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தாள். மம்சாபுரத்தில் எங்கள் வீட்டில் கண்ணாடி துடைக்க, இட்லித் தட்டில் விரிக்க, மூக்குச் சிந்த, எல்லாவற்றுக்கும் அந்தத் துணிதான். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான். என் பையில் உறை பிரிக்காத பாக்கெட் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ரகம், கிருமி நீக்கியது. திறந்த புண்ணில் வைக்கிற துணி. அதைவிடச் சுத்தமாக உலகத்தில் என்ன இருக்கப்போகிறது?

பாக்கெட்டைப் பிரித்துத் துணியை இரண்டாக மடித்து விரித்தேன். தட்டுகளை முகம் கீழாகக் கவிழ்த்தேன். ஈரம் வடிந்து உலர்ந்தது. பார்வைக்குப் பளிங்கு. எடை போட்டேன். பதிவேட்டில் மற்ற ஆறுக்கும் எழுதியது போலவே 'நைட்ரஜனில் உலர்த்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் எரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சேம்பரைத் திறந்தோம். த்ரஸ்டருக்கு நேர் பின்னால் இருந்த ஏழாவது தட்டும் எட்டாவது தட்டும் பழுப்பாக இருந்தன. தேநீர் சிந்தி உலர்ந்தது போல.

வெங்கட்ராஜு அண்ணன் குனிந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பின்னாடி வீசுது. அம்புட்டுத்தான்" என்றார். திங்கட்கிழமை அந்த நிறுவனத்தோடு வீடியோவில் கூட்டம்.

எனக்குத்தான் வேகம் அதிகமாயிற்றே. அன்று மாலைக்குள் மின்னேற்றம் எப்படிக் கைமாறும், அணுக்கள் எப்படிப் பின்னால் திரும்பும் என்று இரண்டு பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதிக் கோதை மேடத்திடம் நீட்டினேன். அம்புகள் போட்டுப் படமெல்லாம் வரைந்திருந்தேன். அவர் முழுக்கப் படித்தார்.

"எப்படித் தெரியும்?"

"கறை இருக்கே மேடம்."

"கறை இருக்கு. இம்புட்டுக் கறைக்கு எடை கூடியிருக்கணும்ல? நீதான போட்டுப் பாத்த?"

நான்தான் போட்டிருந்தேன். அவசரத்தில் எண்ணைக் குறித்துவிட்டுத் தாண்டியிருந்தேன். இரண்டு தட்டும் எடை கூடவே இல்லை. மயிரிழை குறைந்திருந்தது.

சனிக்கிழமை காலை கோதை மேடம் தட்டை உருப்பெருக்கியின் கீழே வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தார். பழுப்புக்குள் கோடுகள் தெரிந்தன. குறுக்கும் நெடுக்கும், சீரான இடைவெளியில், சந்திக்கிற இடமெல்லாம் கரும்புள்ளி.

"ஏதோ ஒழுங்கு இருக்கு. பம்ப் வாய்ல கம்பி வலை இருக்குல்ல, அதோட நிழலா இருக்குமோ?" என்று அவர் யோசித்தார். "ஜெபா, நீ பாரு."

பார்த்த கணத்தில் தெரிந்துவிட்டது. அந்த இடைவெளியை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். கை நீட்டினால் விரலில் உணர்ந்துவிடுவேன். அம்மாவின் துணி.

"தெரியல மேடம்" என்றேன்.

பக்கத்து மேசையில் வெங்கட்ராஜு அண்ணன் திங்கட்கிழமைக்கு எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். 'இந்த வடிவமைப்பை நாங்களே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்' என்று முதல் வரி. நாலு வருடம். பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். துணி என்றே நிரூபணம் இல்லையே, கம்பி வலையாகவும் இருக்கலாமே, சொன்னால் மற்ற ஆறு தட்டையும் யார் நம்புவார்கள், பொய்க் கையெழுத்துப் போட்டவளை யார் வைத்துக்கொள்வார்கள்.

ஞாயிறு கோயில் முடிந்து வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா, பேண்டேஜ் துணில கஞ்சி இருக்குமா?"

"பாவு நூலு அறுந்து போவாம இருக்கக் கஞ்சி போட்டுத்தான ஏட்டி தறில ஏத்துவோம். பொறவு அலசி, வெளுத்து அனுப்புவாக."

"அலசினா முழுசாப் போயிருமா?"

"துளி நிக்கத்தான் செய்யும். புண்ண அது என்ன செய்யப்போவுது? யாரும் கேட்டதில்ல." என் முகத்தைப் பார்த்தாள். "என்னத்தப் பண்ணித் தொலைச்ச?"

சொன்னேன். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"துணி மேல பழி வராது. அது புண்ணுக்குன்னு நெய்த துணி. நீதான கொண்டுபோயி கண்ணாடிக்கு வச்ச? சாப்ட்டுட்டு அந்த மேடத்துட்ட போயிச் சொல்லிட்டு வா. நாளைக்குன்னா அந்த ராஜு தம்பி எழுதினத அனுப்பிருவாருல்ல?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோதை மேடம் வீட்டுக்கு அதற்கு முன் போனதில்லை. கூடத்தில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே பூக் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கஞ்சி கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத படலம். எடை போடும்போதே அது இருந்ததால் பிறகு கூடவில்லை. சேம்பருக்குள் மின்னேறிய வாயுவான பிளாஸ்மாவும் வெளிச்சமும் அதைக் கருக்கியிருக்கின்றன. கருகியதில் கொஞ்சம் எடையும் போய்விட்டது. மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் கையில் இருந்த கண்ணியை முடித்துவிட்டு நிமிர்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எப்படித் தெரியும்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மேடம், நாந்தான் வச்சேன்."

"நீ வச்சது தெரியும். கஞ்சிதான்னு எப்படித் தெரியும்? செஞ்சு பாக்கணும்ல? ரெண்டு புதுத் தட்டு. ஒண்ணு துணில, ஒண்ணு நைட்ரஜன்ல. ஒரே இடத்துல வச்சு எரிச்சுப் பாப்போம்." பூவைக் கீழே வைத்தார். "நேத்து தெரியலன்னு சொன்னியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ம். அது எனக்குப் பிடிக்கல." அவ்வளவுதான். ஏழு வருடத்தில் அவர் என்னைத் திட்டியது அந்த மூன்று வார்த்தை. இன்றும் நினைத்தால் காது சுடுகிறது.

வெங்கட்ராஜு அண்ணனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "ஏம்மா, என் த்ரஸ்டர் வயித்துல கஞ்சியா ஊத்துன?" என்றார். கோபமா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னார். அதற்குள் குதிக்கவும் ஆரம்பித்துவிட்டார்: "அப்ப பின்னாடி வீசல! வீசலன்னு சொல்லிருவோம்!" கோதை மேடம் போனை வாங்கி, "அப்படிச் சொல்ல முடியாது. ஏழுக்கும் எட்டுக்கும் ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொல்லலாம்" என்று குதித்தவரை உட்கார வைத்தார்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பதிவேட்டில் அந்தப் பொய் வரியை ஒரே கோடு போட்டு அடித்தேன். படிக்க முடிகிற மாதிரித்தான் அடிக்க வேண்டும். கீழே உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கூட்டத்தில் நானே சொன்னேன். அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒரு அம்மா. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"இந்த ரெண்டு சரி. மத்த ஆறையும் நான் எதை வச்சு நம்புறது?"

கோதை மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். "ஜெபா சொல்லுவா."

"நம்ப வேணாம் மேடம்" என்றேன். "எட்டையும் மறுபடி செய்றோம். உங்க ஆள் ஒருத்தர் கூட நிக்கட்டும். ஒவ்வொரு படியும் அவங்க கண்ணு முன்னாடி. பெட்டிய அவங்களே சீல் வைக்கட்டும்."

அந்த அம்மா எதையோ குறித்துக்கொண்டு மூன்று வாரம் கொடுத்தார்.

மறு சோதனையில் எட்டுத் தட்டோடு ஒன்பதாவதாக ஒன்றையும் பின்பக்கம் வைத்தோம். வேண்டுமென்றே அம்மாவின் துணியில் உலர்த்தியது. திறந்தபோது ஒன்பதாவது பழுப்பு. கட்டம் கட்டமாக நெசவு. பக்கத்திலேயே இருந்த ஏழும் எட்டும் தெளிவு. எடையும் சரி. அண்ணன் தறி ஓடுகிற மாதிரி ஒரு ஆட்டம் போட்டார். பக்கவாட்டில் இருந்த ஐந்தாவது தட்டில் மட்டும் மெல்லிய படலம் இருந்தது, எடையும் கூடியிருந்தது. அது உண்மையிலேயே த்ரஸ்டர் வீசியது. ஆட்டம் நின்றது. ஆனால் அதற்கு வழி இருந்தது. த்ரஸ்டரைத் தாங்கும் சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்தார்கள். முதல் சோதனையை மூடி மறைத்திருந்தால் அந்த ஐந்தாவது தட்டை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தச் செயற்கைக்கோள் இப்போது மேலே இருக்கிறது. தகடுகள் எவ்வளவு மின்சாரம் தருகின்றன என்று அவ்வப்போது தகவல் வரும். வருகிற அன்று அண்ணன் டீக்கடைக்காரரிடம்கூட அதைச் சொல்லுவார்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நாங்கள் மேசை துடைக்க, கருவி துடைக்க வாங்குகிற சுத்த அறைத் துணி கடல் தாண்டி வருகிறது. ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு துணிக்கு வெளிநாடா? கஞ்சி இல்லாமல் நெய்ய முடியாதா? அம்மா, "பாவு அறுந்துக்கிட்டே இருக்கும் ஏட்டி, தறி ஓடாது" என்றாள். பிறகு அவளே, பஞ்சு நூலை விட்டுப் பாலியஸ்டர் நூலுக்கு மாறி, முறுக்கைக் கூட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். வார விடுமுறை எல்லாம் அதிலேயே போயிற்று. முதல் துணி நார் உதிர்த்தது. இரண்டாவதை அலசிய தண்ணீரில் உப்பு. மூன்றாவது எல்லாவற்றிலும் தேறி, ஓரம் வெட்டியதும் பிரிந்தது. ஓரத்தைச் சூட்டில் உருக்கி ஒட்டும் ரகம் இப்போது மம்சாபுரத்தில் நாலு தறியில் ஓடுகிறது. அம்மா அதற்கு மேற்பார்வை. நான் அங்கேதான் போகிறேன்.

விழா நாளுக்கு வருகிறேன். எல்லோரும் பேசி முடித்த பிறகும் கோதை மேடம் பேசவில்லை. பால்கோவா பெட்டி காலியான பிறகு ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியையும் ஒரு தாளையும் நீட்டினார். பெட்டிக்குள் ஒரு சாட்சித் தட்டு. என் துணியில், முகம் கீழாகக் கவிழ்த்து உலர்த்தியது. போன மாதச் சோதனையில் ஏழாவது இடத்தில் வைத்து எரித்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். தாளில் முன் எடை எழுதியிருந்தது. பின் எடைக்கான கட்டம் காலி.

பெட்டியோடு ஜன்னலுக்கு ஓடிப்போய்ச் சாய்த்துப் பார்த்தேன். கோடில்லை, புள்ளியில்லை.

"சுத்தமா இருக்கு மேடம்!"

"எப்படித் தெரியும்?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். நான் மாலையைக் கழற்றினேன். சரிகை உதிருமே என்று சால்வையையும் கழற்றினேன். பால்கோவாக் கையை மூன்று முறை கழுவினேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். விழாவுக்கு வந்தவர்களும் போகாமல் காத்திருந்தார்கள். பிறகு கையுறை போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டைத் தராசில் வைத்தேன். எண்கள் கொஞ்ச நேரம் அலைந்து நின்றன. முன் எடையும் அதேதான்.

காலியாக இருந்த கட்டத்தில் எண்ணை எழுதி, 'துணியில் உலர்த்தப்பட்டது' என்று பக்கத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

"அப்போ அந்தக் கடைசி விதியக் கிழிச்சிரலாமாக்கா?" என்றாள் புதிய பெண்களில் ஒருத்தி, கதவைப் பார்த்து.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது அங்கேயே இருக்கட்டும். மம்சாபுரத்திலிருந்து வருகிற ஒவ்வொரு துணிக்கட்டும் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கட்டும். நீங்கள் ஒரு தட்டில் வைத்துப் பார்த்து, எடை போட்டு, எழுதிய பிறகு உள்ளே வரட்டும். என் கட்டுத்தானே என்று ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள்.